குழாய்க் கதை வேண்டாம் என்றேன்

பெஞ்சு கிளார்க் நீட்டிய கையை மடக்கவில்லை. சாட்சிக் கூண்டில் நின்ற என் கட்சிக்கார அக்காவும் கொடுக்கவில்லை. பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் பார்த்துவிடுவானோ என்று விடைத்தாளை மறைக்கும் பிள்ளையைப் போல, வீட்டுப் பாகப் பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மைசூரில் ஒரு சிவில் நீதிமன்ற அறை, காலை பதினொன்றரை மணி. முறை வருவதற்காகக் காத்திருந்த வக்கீல்களும் வழக்குக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவருக்காக வாதாட அரசுச் செலவில் நியமிக்கப்பட்ட இலவச சட்ட உதவி வக்கீல் நான். "குடுங்க அக்கா" என்று மூன்றாம் முறை சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பல வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து யாராவது ஒரு காகிதத்தைக் கொடுக்கத் தயங்கினால் எனக்கு முதலில் கோபம் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அக்காவின் முகம் வருகிறது.

வழக்கு பெரியதல்ல. ஒரு சந்துக்குள் இருந்த பழைய ஓட்டு வீட்டின் பின்பாதி, அதாவது ஒரு அறை, ஒரு சமையல் இடம், துணி உலர்த்தும் அளவுக்கு ஒரு முற்றம். அக்காவின் மாமனார் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்து, சம்பாதித்து வாங்கிய வீடு. அவர் காலமான பிறகு மகன்கள் இருவரும் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. பத்திரம் எழுதுபவர் ஒருவரைக் கூப்பிட்டு, பிரித்துக்கொண்ட விவரத்தை முத்திரைத்தாளில் கன்னடத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பிதான் அக்காவின் கணவர். அவர் நுரையீரல் நோயில் இறந்து வருடம் திரும்பவில்லை, அண்ணன் வழக்குப் போட்டார். பாகமே பிரிக்கவில்லை, தம்பியைப் பாவம் பார்த்துக் குடிவைத்திருந்தேன், அந்தக் காகிதத்தில் இருப்பது என் கையெழுத்தே அல்ல, இடத்தைக் காலி செய்து தரவேண்டும் என்றார். தோற்றால் அக்காவும், நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவர் மகளும் தெருவுக்கு வரவேண்டியதுதான். ஊதுபத்தி கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்து வாடகை கொடுத்து, படிப்புச் செலவும் பார்க்க முடியாது.

பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே வக்கீல் தருவார்கள் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தார். தமிழ் பேசுகிற பெண்மணி, ஆகையால் தமிழ் தெரிந்த வக்கீல் என்று என் பெயரைப் போட்டார்கள். அப்போது நான் தொழிலுக்கு வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. சட்ட உதவி வக்கீல்கள் பேனலில் பெயர் இருப்பது ஒரு மரியாதை என்று சேர்ந்தவள் நான், சேவை மனப்பான்மை என்றெல்லாம் இப்போது அலங்காரமாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அரசு தரும் தொகை சிறியது, அதுவும் படிவங்கள் பல மேசைகள் ஏறி இறங்கி வரும். அதனால் அந்த வழக்குக் கட்டுகளை நான் குறைவாக நினைத்தேனா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

முதல் நாள் அவர் வந்தபோது என் அறையில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் போட்டுக் கொடுக்கும் பெரிய பழுப்புக் கவர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குள் பத்திரம் இருந்தது. மடித்தால் மடிப்பில் எழுத்து போய்விடும் என்று அதில் வைத்திருந்தார். எனக்கு ஒரு ஜெராக்ஸ் மட்டும் நீட்டினார். அசலைக் கேட்டேன். "வேணுங்கறன்னைக்கு நானே கொண்டாறனுங்க மேடம்" என்றார். வீட்டின் மூலப்பத்திரத்தை, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போன அண்ணன் பிறகு அதைக் கண்ணிலேயே காட்டவில்லையாம். கையில் மிஞ்சியது இது ஒன்றுதான். சரி, தொலைந்தால் என் தலையில் விழாமல் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அன்று அவர் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பின்னால் குழாய், தண்ணீர், கணவரின் அண்ணனான மச்சானோடு சண்டை என்று கதை நீண்டது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "குழாய்க் கதையெல்லாம் வேண்டாம் அக்கா. வீட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் உடனே நிறுத்திக்கொண்டார். சொன்னதைக் கேட்கிற கட்சிக்காரர் என்று எனக்குத் திருப்திகூட.

வாய்தாக்கள் நடந்தன. அண்ணன் கூண்டில் ஏறி, கையெழுத்து தன்னுடையதல்ல என்று அடித்துச் சொன்னார். நான் குறுக்கு விசாரணை செய்தேன், அரை மணி நேரம் சத்தமாகவே செய்தேன். அவர் அசையவில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் கோடு, எதற்கும் கோபப்படாத குரல். அவர் பக்கத்து வக்கீல் மூத்தவர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதற்குள் நீதிபதி அவர் சொல்வதை நம்பிவிடுவார் என்று எங்களுக்குள் கிண்டல் உண்டு. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து சாட்சியம். நான் வேறு கோர்ட்டில் இருந்ததால் இரண்டு முறை தள்ளிப்போட்டேன். இந்த முறைதான் கடைசி வாய்ப்பு என்று நீதிபதி எழுதிவிட்டார். அந்த நாள்தான் இது.

அசலைக் கொடுத்தால்தான் அது ஆதாரமாக எண் போட்டுக் குறிக்கப்படும். குறித்த பிறகு வழக்கு முடியும்வரை அது கோர்ட்டில் இருக்கும். இதை நான் அவருக்கு முன்னதாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை, எங்களுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. கூண்டில் நின்றுதான் அவர் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். தனக்குத் தெரிந்த கன்னடத்தில் நீதிபதியிடமே நேராகக் கேட்டார், கொடுத்தால் இன்றைக்கே திரும்பி வருமா என்று. வழக்கு முடிந்ததும் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நீதிபதி பொறுமையாகச் சொன்னார். எப்போது முடியும் என்று அக்கா கேட்டார். அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் பத்திரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். அசலில் மை காயாமல் இருக்கும், அதனால்தான் தர பயப்படுகிறார் என்றார். எனக்குக் காது சுட்டது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த இரண்டு வழக்குகளைக் கூப்பிடுகிறேன், அதற்குள் உங்கள் கட்சிக்காரரிடம் பேசிவிட்டு வாருங்கள், அப்போதும் கொடுக்காவிட்டால் சாட்சியத்தை முடித்துவிடுவேன் என்றார். முடித்துவிட்டால் எங்களிடம் ஒன்றுமே இல்லை. ஒரு ஜெராக்ஸ், அதில் நான் போடவில்லை என்று ஒருவர் சத்தியம் செய்த ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

வராண்டாவில் அவரைத் தூண் ஓரமாக நிறுத்திக் கத்தினேன். கத்தினேன் என்பதுதான் சரியான சொல், வேறு சொல் தேடி என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே முதல் வழக்கின் பெயரை அட்டெண்டர் கூவுவது கேட்டது.

"உங்களுக்கு வீடு வேணுமா வேணாமா? என் மேல நம்பிக்கை இல்லன்னா எதுக்கு வந்தீங்க? இதே காசு குடுத்து வக்கீல் வெச்சிருந்தா இப்படிப் பண்ணுவீங்களா? சும்மா கெடைச்சதுன்னுதானே இந்த அலட்சியம்?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்திரத்தைக் கவருக்குள் திருப்பி வைத்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அலட்சியம் பண்ணுனது நானுங்களா மேடம்?" என்றார். குரல் உயரவில்லை. "உங்க ரூமுக்கு ஒம்பது தடவ வந்தனுங்க. காசு குடுத்தவிய கட்டெல்லாம் மேச மேல இருக்கும். என்ற கட்டு பீரோவுல அடித்தட்டுல இருக்கும். நீங்க என்னைய உக்கார வெச்சுத்தான் அத எடுக்கச் சொல்லுவீங்க. போன தடவ என்னைய வேறொரு பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க. நானு ஒண்ணுஞ் சொல்லலீங்க. காசு குடுத்திருந்தா, என்னங்க இப்படின்னு ஒரு சண்டையாச்சும் போட்டிருப்பேன். சும்மா வர்ற வக்கீலுகிட்ட எதச் சொல்லிச் சண்ட போடறதுங்க?"

அவர் சொன்ன பீரோ என் பீரோ. அடித்தட்டு என்பது நான் யோசித்து ஒதுக்கிய இடமல்ல, தானாக அப்படி ஆகிவிட்ட இடம். தானாக ஆனதுதான் இன்னும் மோசம். அரசு எனக்குக் கொடுப்பது குறைவு என்று அலுவலகத்தில் புலம்பத் தெரிந்த எனக்கு, அந்தக் குறையை இவர் தலையில் இறக்கிவைத்திருக்கிறேன் என்பது தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அப்போது நேரமில்லை. உள்ளே முதல் வழக்கு முடிந்து இரண்டாவதைக் கூப்பிட்டார்கள்.

வராண்டாவில் இருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். "அக்கா, எனக்குக் குடுக்க வேணாம். நீங்களே கையில புடிச்சிருங்க. நான் படிக்கிறேன்" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. வாதம் செய்ய ஒன்றும் மிச்சமில்லாததால் இருக்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரத்தை வெளியே எடுத்தார். ஒரு முனையைக்கூட விடாமல் என் முகத்துக்கு நேரே பிடித்தார். கன்னடத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கிழக்கே சந்து, மேற்கே இன்னாருடைய சுவர், பின்பக்கத்து அறையும் முற்றமும் இளையவருக்கு. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், மகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிறவர் போல. கையெழுத்துகள் வரைக்கும் வந்து நிறுத்தினேன்.

"பின்னால?" என்றார்.

"பின்னால என்ன?"

"மொத நாளே சொன்னனுங்களே. கொழாயப் பத்தி மச்சான் எழுதுனது. நீங்கதான் கொழாய்க் கதை வேண்டாம்னுட்டீங்க."

காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கத் தமிழ். நீல மையில், கொஞ்சம் சாய்ந்த, தடித்த எழுத்து, எட்டு வரிகள். ஜெராக்ஸ் கடையில் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். நானும் முன்பக்கத்தை மட்டும் வைத்து ஒன்றரை வருடம் வழக்கு நடத்தியிருக்கிறேன். வீட்டுக்கு இருந்த ஒரே குழாய் முன்பாதியில் இருந்தது. பாகம் பிரித்த நான்கைந்து மாதத்தில் தண்ணீருக்குச் சண்டை வந்து, அக்காவும் அண்ணன் மனைவியும் குடத்தோடு மல்லுக்கு நின்று, கடைசியில் அண்ணன் அந்தப் பத்திரத்தையே வாங்கித் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணனாகிய நான் என் பாகத்தில் உள்ள குழாயிலிருந்து, தம்பி பாகத்து வீட்டுக்குக் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை தண்ணீர் விடச் சம்மதிக்கிறேன், நடுச்சுவர் பூச்சு வேலையை இருவரும் பொதுவில் செய்துகொள்வோம் என்று. கீழே கையெழுத்து. பாகமே பிரிக்கவில்லை என்றவர், என் பாகம், தம்பி பாகம் என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். ஒரு கையெழுத்தை என்னுடையதல்ல என்று சொல்லிவிடலாம். எட்டு வரியை அப்படித் தள்ளிவிடுவது அவ்வளவு சுலபமில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தமிழ் தெரியும் என்பதற்காகவே இந்த வழக்கை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டிடத்திலேயே இந்த எட்டு வரியை அப்போதே படித்துச் சொல்லக்கூடியவர்களில் நான் ஒருத்தி. நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இந்த அக்கா காகிதத்தை இறுக்கிப் பிடித்திராமல், மறுபேச்சில்லாமல் கிளார்க்கிடம் நீட்டியிருந்தால், முன்பக்கத்துக்கு எண் போட்டு, வழக்குக் கட்டோடு வைத்துத் தைத்து, பின்பக்கம் யார் கண்ணிலும் படாமலே வழக்கு முடிந்திருக்கும்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது அவர் கேட்டார், "நானே ஜட்ஜையா கையில குடுக்கலாமுங்களா? நடுவுல யாரும் வேண்டாம்." வழக்கம் அதுவல்ல. ஆனாலும் நீதிபதியிடம் சொன்னேன், என் கட்சிக்காரர் தன் கையாலேயே தர விரும்புகிறார், பின்பக்கமும் எழுத்து இருக்கிறது, அதையும் சேர்த்துக் குறிக்கவேண்டும் என்று. நீதிபதி ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அக்கா கூண்டிலிருந்து எக்கிக் கொடுத்தார். நீதிபதி அதைத் திருப்பினார், இது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். மூத்த வக்கீல் துள்ளி எழுந்தார், நகலில் இல்லாத எழுத்தை இன்று கொண்டுவருகிறார்கள், நேற்று எழுதியிருப்பார்கள் என்றார். கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டார். நான் திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தேன். அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். காகிதத்தை நீதிபதி தூக்கிப் பிடித்தபோது, அவ்வளவு தூரத்திலிருந்தே அந்த நீல மையை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணனின் சாட்சியம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால், மறுபடி கூண்டுக்கு அழைக்க மனு போட்டேன். ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று நீதிபதி கேட்டார். என் கவனக்குறைவு என்று எழுத்திலேயே கொடுத்தேன். மூத்தவர் அதை வைத்து என்னை ஒரு பிடி பிடித்தார், பிடிக்கட்டும் என்று நின்றேன். மனு அனுமதிக்கப்பட்ட பிறகும் மூன்று வாய்தாவுக்கு அண்ணன் வரவில்லை. அந்த மூன்று மாதமும் அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, கோர்ட்டில் காகிதம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். எரிச்சல் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

கடைசியில் அண்ணன் வந்தார். பின்பக்கத்தைக் காட்டி, இதை எழுதியது யார் என்று ஒரே கேள்வி கேட்டேன். அதுவரை கன்னடத்தில் பேசியவர், என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார், "நான்தான் எழுதுனேன். அது கொழாய்க்காக எழுதுனது. ஊட்டுக்காக எழுதலை." அதை அப்படியே பதிவு செய்யக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அண்ணன் மேல்முறையீடு செய்யவில்லை. அவரை வில்லனாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்று கூண்டிலிருந்து இறங்கும்போது தம்பி மனைவியைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அக்கா ஒதுங்கி வழிவிட்டார், அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

தீர்ப்பு வந்த அன்று அக்கா எனக்கு நன்றி சொன்னார். காலில் விழவில்லை, தெய்வம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். நான்தான் அன்று மன்னிப்புக் கேட்டேன், வராண்டாவில் கத்தியதற்கு. "கத்துனது பரவால்லீங்க. படிச்சீங்க இல்ல" என்றார். படிக்காமல் இருந்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது என் அறை பெரியதாகிவிட்டது, ஜூனியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னும் பேனலில் இருக்கிறேன். தொகை கொஞ்சம் கூடியிருக்கிறது, படிவங்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன, தாமதம் மட்டும் அப்படியே. நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். வேலை நெருக்கும் நாட்களில் எந்தக் கட்டு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று இன்னும் என்னை நானே கண்காணிக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் அந்த அக்கா முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். கூட ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார், கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்தவளாம், புருஷன் போய் ஆறு மாதம், ஊரில் நிலத் தகராறு, கையில் சட்ட உதவி அலுவலகம் கொடுத்த கடிதம். அவள் ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

"இந்த மேடத்துகிட்டக் குடுக்கலாம், பயப்படாத" என்றார் அக்கா. என்னைத் திரும்பிப் பார்க்காமலே அடுத்ததையும் சொன்னார். "ஆனா அவிய படிச்சு முடிக்கற வரைக்கும் எந்திரிக்காத."

ஜூனியர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே காத்திருப்பவர்களிடம் நேரமாகும் என்று சொல்லச் சொன்னேன். பையை வாங்கி, முதல் காகிதத்தை எடுத்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அக்காவும் அந்தப் பெண்ணும் எழுந்திருக்கவில்லை.